நாரையிடம் பாடங் கேட்டவர்

பறவையின் சிறகைக் கண்டு, அது செல்லும் வழியை ஒருவாறு கூறிவிடலாம் என்பர் பறவைநூல் வல்லார். கௌதாரியின் சிறகு குறுகியது, நுனி வட்டமானது. புதரிலிருந்து சடுதியாக எழுவதற்கும், சிறிது தூரம் பறந்து வேறொரு புதரில் மறைவதற்கும் அது போதும். உழவாரக் குருவியின் சிறகு நீண்டது. அரிவாள்போல வளைந்து, நுனி கூரியது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லுதல் அதற்கு ஆண்டுதோறும் உரிய தொழில். குறுகிய வட்டச் சிறகு விரைந்து எழவும் திரும்பவும் உதவும். நீண்ட கூர்ஞ்சிறகு நெடுந்தூரஞ் செல்லுகையிற் காற்றின் தடையைக் குறைத்து, உடல் வலியைச் சேமித்துக் கொடுக்கும்.

ஓரினத்துக்குள்ளேயும் இவ்வேறுபாடு காணப்படுவதுண்டு. ஐரோப்பாவிலே கருந்தொப்பி அணிந்தாற்போன்ற தலையையுடைய பாடுங்குருவி ஒன்று உளது. வடபாகத்திலிருந்து தொலைவிடங்களுக்கு வலசை போகும் கூட்டத்திற்குச் சிறகு கூரியது. ஆண்டு முழுவதும் ஓரிடத்திலே தங்கிவிடும் கூட்டத்திற்கு வட்டமானது. இவ்வொழுங்கு, ஆங்கிலேயப் பறவைநூலறிஞர் ஹென்றி சீபோம் என்பவரின் பெயரால் சீபோம் விதி என வழங்கும்.

விதி என்றால் விலக்கும் இருக்கும் என்பதை இலக்கணம் படித்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. செங்கால் நாரை அப்படியொரு விலக்கு. அதன் சிறகு கூரியதன்று. அகன்றது, நுனி மழுங்கியது, நுனியிறகுகள் கைவிரல்களை விரித்தாற்போலப் பிரிந்து நிற்பன. இந்தச் சிறகை வைத்துக்கொண்டு அப்பறவை வட ஐரோப்பாவிலிருந்து தென் ஆபிரிக்கா வரை, ஏறத்தாழப் 10,000 கிலோமீற்றர் தூரம் செல்கின்றது. எப்படிச் செல்கின்றது? இந்த ஒரு வினா ஒரு மனிதரின் வாழ்வாயிற்று. ஈற்றில் அவருடைய சாவாகவும் ஆயிற்று. அவர் ஜேர்மனி தேசத்தவர். ஒற்றோ லிலியெந்தால் என்பது பெயர்.

செங்கால் நாரை தமிழுக்குப் புதியதன்று. நம் சத்திமுற்றப் புலவர், குளிரிலும் வறுமையிலும் வாடிக் கிடந்தபோது, வடக்கு நோக்கிச் செல்லும் நாரையைத்தான் தம் மனையாளிடம் தூதுவிட்டார். அதன் அலகிற்குப் பனங்கிழங்கைக்கொண்டு உவமை கூறினார். நாரை வலசை போகும் பறவை என்பதையும், அது போகும் திசையையும் அப்புலவர் அறிந்திருந்தார். அவர் நாரையிடம் செய்தி சொல்லியனுப்பினார். லிலியெந்தால் நாரையிடம் பாடங் கேட்டார். இஃதொன்றே வேறுபாடு.

நாரைகள் வாழும் நாடு

லிலியெந்தால் 1848 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி, போல்ற்றிக் கடலையடுத்த பொமெரேனியா என்னும் நாட்டில், அங்கிளாம் என்ற சிறு நகரிற் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். தாயார் இசை பயின்றவர். பிறந்த குழந்தைகள் எண்மருள் எஞ்சியவர் மூவர்: ஒற்றோ, அவரினும் ஓராண்டு இளையவரான தம்பி குஸ்தாவ், தங்கை மரீ. 1861 இல் தந்தையார் காலமானார். தாயார் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தார்; கல்வியிற் குறை வைக்கவில்லை.

அங்கிளாமைச் சூழ்ந்தவை புற்றரைகளும் சதுப்பு நிலங்களுமே. அங்கே கோடைதோறும் நாரைகள் வந்து, வீட்டுக் கூரைகளிலும் களஞ்சியங்களின் முகட்டிலும் கூடு கட்டும். ஆகஸ்ற் மாதத்திற் புறப்பட்டுப் போய்விடும். எங்கே போகின்றன என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. சேற்றினுட் புதைந்து உறங்குகின்றன என்றும் பலவாறாகப் பழையோர் கதை சொல்லியிருந்தனர். 1822 ஆம் ஆண்டிலே, அதே கடற்கரை நாட்டின் மேற்கே, குலூற்ஸ் என்னும் ஊருக்கு அருகில் ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி முக்கால் மீற்றர் நீளமான வேலொன்று நின்றது. ஆராய்ந்தபோது அது ஆபிரிக்க வேலெனத் தெரிந்தது. கழுத்திலே வேலைத் தாங்கிக்கொண்டு அப்பறவை கண்டம் கடந்து தன் ஊருக்கு மீண்டிருக்கின்றது! அந்த நாரையின் உடல் இன்றும் ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றது. இது நடந்து இருபத்தாறு ஆண்டுகளின் பின் லிலியெந்தால் பிறந்தார். ஆகவே அவர் காலத்துப் பிள்ளைகளுக்கு, நாரை என்பது தூரதேசம் போய்வருகின்ற பறவை என்பது தெரிந்த செய்தியே.

சகோதரர் இருவரும் சிறுவயதில் விரும்பிப் படித்த கதையொன்றைப் பற்றிக் குஸ்தாவ் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். வலசை போகும் சிறு குருவியொன்று களைத்துப்போய் நாரையிடம் முறையிடுகின்றது. நாரை இரங்கி, அதனைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்கின்றது. போகும் வழியில், சிறகை வீசாமலே நெடுந்தூரஞ் செல்லும் தன் வித்தையை விளக்குகின்றது. வேறு பிள்ளைகள் கதையைப் படித்து உறங்கியிருப்பர். இவ்விருவரும் புற்றரையிலே தவழ்ந்து சென்று உண்மை நாரைகளை வேவு பார்த்தனர். திடுக்கிட்டெழும் நாரை, ஆள் வரும் திசையிலேகூடச் சில அடி துள்ளி ஓடி, காற்றை எதிர்த்தே மேலெழுகின்றது என்பதைக் கண்டனர். ஆபத்து வருகின்ற பக்கமாக ஒரு பறவை ஓடவேண்டுமென்றால், காற்றை எதிர்த்து எழுவதில் ஏதோ பெரும் பயன் இருத்தல்வேண்டும். சிறுவர் கண்ட முதலாவது பறத்தல் விதி இதுவே.

பதின்மூன்று பதினான்கு வயதில், மெல்லிய பலகைகளாற் சிறகு செய்து, கைகளிற் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடினார்கள். பள்ளித் தோழர் நகைப்பர் என்று அஞ்சி, இரவிலேதான் இந்தப் பரீட்சை நடந்தது. சிறகு அவர்களைத் தூக்கவில்லை.

அளவுகோலும் சிறகும்

ஒற்றோ பொற்ஸ்டாம் நகரின் தொழிற் பாடசாலையிலும், பின்னர் பேர்லின் தொழிற் கல்லூரியிலும் இயந்திரவியல் கற்றார். 1870 இல் மூண்ட பிரான்சுப் போரிலே தொண்டராகச் சேர்ந்து பணிபுரிந்து மீண்டார். 1878 இல் ஆக்னஸ் பிஷர் என்பாரை மணந்து, நான்கு மக்களுக்குத் தந்தையானார். ஆபத்து விளைக்காத கொதிகலம் ஒன்றை ஆக்கி, அதன் பயனாகப் பேர்லினிற் சொந்தமாக ஓர் இயந்திரத் தொழிற்சாலை நிறுவினார். 1890 இல் ஆலையின் இலாபத்தில் நாலிலொரு பங்கைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். ஏழைகளும் நாடகம் பார்க்கவேண்டுமென்று மிகக் குறைந்த கட்டணத்தில் நாடக அரங்கு ஒன்றை நடத்த உதவினார், தாமே நாடகம் எழுதினார், நடிக்கவுஞ் செய்தார். இவையெல்லாம் தனித்தனியே சொல்லத் தக்கன. என்றாலும், அவர் உள்ளம் இருந்த இடம் நாரையின் சிறகே.

அக்காலத்துப் பேரறிஞர் பலர், மனிதன் பறப்பது கூடாத காரியம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தனர். அவர்கள் கணித்தது தட்டையான பலகையைக் காற்று தாங்கும் அளவை. நாரையின் சிறகு தட்டையானதா? லிலியெந்தால் அதனைக் கையில் எடுத்துப் பார்த்தார். குறுக்காக நோக்கினால் மேற்புறம் மெல்லக் குவிந்து, கீழ்ப்புறம் குழிந்து கிடந்தது. சுழலும் நீண்ட கரமொன்றின் நுனியிலே பலவகைத் தகடுகளைப் பொருத்திச் சுழற்றினார். திறந்த வெளியிற் காற்றிலே நிறுத்தியும் அளந்தார். தம்பி குஸ்தாவும் உடனிருந்தார். 1870 களிலே தொடங்கிய இவ்வளவைகள் ஓர் உண்மையைக் காட்டின: அகலத்திற் பன்னிரண்டிலொரு பங்கு அளவுக்கு வளைந்த சிறகு, தட்டைப் பலகையினும் மிகுதியான பாரத்தைத் தாங்குகின்றது, அதற்கு எதிரே வருந் தடையோ குறைவு. அறிஞர் போட்ட கணக்குப் பிழையன்று. அவர்கள் எடுத்துக்கொண்ட சிறகே பிழை.

வீட்டுத் தோட்டத்திலே நாரைக் குஞ்சுகளை வளர்த்தார். அவை புல்லிலே துள்ளித் துள்ளிப் பறக்கப் பழகுவதைக் கவனித்துக் குறித்தார். 1889 ஆம் ஆண்டு, பறவையின் பறத்தலையே மனிதர் பறத்தற் கலைக்கு அடிப்படையாகக் காட்டும் தமது நூலை வெளியிட்டார். நூலின் முகப்பில், வானில் வட்டமிடும் நாரைக் குடும்பம் ஒன்றைத் தம் கையாலேயே வண்ணந்தீட்டி வைத்தார். நாரையைப் பற்றிய கவிதையும் அந்நூலில் உண்டு. எண்கள் நிறைந்த அட்டவணைகளும் உண்டு. கவிதையையும் அட்டவணையையும் ஒரே அட்டைக்குள் வைக்கத் துணிந்த ஆசிரியர் எத்தனை பேர்? எனக்கு அவரிடத்துப் பெருமதிப்பு உண்டானது இவ்விடத்திலேதான்.

ஐந்து ஆண்டு, ஐந்து மணி

நூலெழுதியதோடு அவர் அமையவில்லை. 1891 இல், பொற்ஸ்டாமுக்கு அண்மையிலுள்ள டேர்விற்ஸ் என்னும் கிராமத்து மேட்டில், வில்லோ மரக் கம்புகளில் துணி போர்த்த சிறகுகளைத் தோளிற் சுமந்து, காற்றை எதிர்த்து ஓடினார். கால் நிலத்தை விட்டது. இருபத்தைந்து மீற்றர் தூரம் வரை சறுக்கிச் சென்று இறங்கினார். 1893 இல் றீனோ மலைப்பகுதியிற் பறந்தபோது தூரம் இருநூற்றைம்பது மீற்றராயிற்று. 1894 இல், தாம் வாழ்ந்த லிக்ற்றர்வெல்ட என்னும் இடத்திலே, செங்கற் சூளை மண்ணைக் குவித்துப் பதினைந்து மீற்றர் உயரமான குன்று ஒன்றையே ஆக்கினார். எத்திசையிற் காற்று வீசினும் அதனை எதிர்த்து ஓடத்தக்கதாக அக்குன்று கூம்பு வடிவாயிருந்தது. ஞாயிறுதோறும் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அவர் பறந்ததைக் காட்டும் புகைப்படங்கள் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தன. மனிதன் பறத்தலை உலகம் படத்திற் கண்டு நம்பத் தொடங்கியது அப்பொழுதே.

அவர் பறந்த தடவைகள் இரண்டாயிரத்திற்குக் குறையா. ஆயின் ஒவ்வொன்றும் சில விநாடிகளே. ஐந்து ஆண்டுகளில் அவர் காற்றில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணியளவே என்று வில்பர் றைற் பின்னொருகாற் கணக்கிட்டார். நாரை ஒரு பகலிற் பறக்கும் நேரத்தினும் அது குறைவு.

பறத்தல் கைவந்தால் நாடுகளின் எல்லைகள் பொருளற்றுப் போகும், போர்கள் ஒழியும் என்று அவர் 1894 இல் ஒரு நண்பருக்கு எழுதினார். எல்லை அறியாது கண்டங் கடக்கும் நாரையை வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தவருக்கு அந்த நம்பிக்கை இயல்பே. 1914 இலும் 1939 இலும் மூண்ட போர்களில் வானத்திலிருந்து வீழ்ந்தவை எவை என்பதை நாம் அறிவோம். அவர் அதனைக் காணவில்லை.

படியாத ஏடு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அகன்ற மழுங்கற் சிறகுடன் நாரை எப்படி ஆபிரிக்கா செல்கின்றது?

வெயில் ஏற ஏற நிலம் சூடாகின்றது. சூடேறிய இடத்துக் காற்று இலேசாகித் தூண்போல மேலெழுகின்றது. நாரை அந்த எழுகாற்றினுட் புகுந்து, சிறகை விரித்தபடியே சிறு வட்டமாகச் சுழன்று, பெரிய உயரத்தை அடைகின்றது. பின்னர் அங்கிருந்து தெற்கு நோக்கிச் சறுக்கி, அடுத்த எழுகாற்றை அடைகின்றது. ஏறுதல், சறுக்குதல், மீண்டும் ஏறுதல், சறுக்குதல். இப்படியே கண்டம் முடிகின்றது. சிறகை ஓயாது வீசிப் பறந்தால் இதனிற் பலமடங்கு வலி செலவாகும்.

எழுகாற்றின் தூண் ஒடுக்கமானது. அதனுள்ளேயே நிற்கவேண்டுமானால் மெதுவாகவும் சிறு வட்டத்திலும் சுழலவேண்டும். உழவாரனின் கூர்ஞ்சிறகு அதற்கு ஆகாது. உடற் பாரத்தை நிறைந்த பரப்பிலே தாங்கும் அகன்ற சிறகு வேண்டும். அகன்ற சிறகின் நுனியிற் காற்று சுருண்டு தடையை உண்டாக்கும். விரல்போற் பிரிந்த நுனியிறகுகள் அந்தச் சுருளைப் பல சிறு சுருள்களாக்கித் தடையைக் குறைக்கின்றன. ஆகவே நாரையின் சிறகு சீபோம் விதிக்குப் புறம்பான பிழையன்று. வேறொரு வழிக்கு எழுதப்பட்ட வேறொரு விதி அது.

கடலின் மேல் இத்தகைய எழுகாற்று அரிது. அதனாலே நாரைகள் மத்தியதரைக் கடலை நேரே கடப்பதில்லை. மேற்குக் கூட்டம் ஜிபிரால்ற்றர் ஒடுக்கத்தாலும், கிழக்குக் கூட்டம் பொஸ்பரஸ், சீனாய் வழியாலும் சுற்றிப் போகின்றன. தரையைத் தேடியே அவற்றின் வழி அமைந்தது. மத்திய ஆசியாவிற் கூடு கட்டும் நாரைகள் சில பனிக்காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றன. சிறகு எழுதிய வழியையே பறவை செல்கின்றது. வழி எழுதிய சிறகையே பறவை கொண்டிருக்கின்றது.

லிலியெந்தால் காலத்தில் இவ்வழிகள் எழுதப்படவில்லை. கிழக்குப் பிரஷ்யாவின் ரொசிற்றன் என்னும் இடத்திற் பறவையாய்வு நிலையம் தோன்றியது 1901 இல். அங்கே நாரைகளின் காலில் இட்ட வளையங்கள் தென் ஆபிரிக்காவிலிருந்து திரும்பி வந்தது அதன் பின். எழுகாற்றில் ஏறிச் செல்லும் கலையை ஜேர்மன் இளைஞர் எஞ்சினில்லா விமானங்களிற் கற்றது 1920 களின் இறுதியில். நாரை சிறகசைக்காது மேலெழுவதை லிலியெந்தால் கண்டார்; வியந்தார். காற்று பொதுவாகவே மூன்று நான்கு பாகை மேல்நோக்கி வீசுகின்றது என்று அளந்து, அதனைக் காரணமாகக் கொண்டார். வெயிலில் எழும் காற்றுத் தூண் அவருடைய அட்டவணையில் இல்லை. விரலிறகுகளையோ, வீசிப் பறத்தற்குரிய உறுப்பாகவே தம் புதிய கருவியில் அமைத்தார். கரியமில வாயுவால் இயங்கும் சிறு எஞ்சினொன்றால் அவற்றை அசைக்க முயன்றார். சிறகின் வளைவாகிய ஏட்டை அவரைப்போல எவரும் முன்னர்ப் படித்ததில்லை. அச்சிறகு செல்லும் வழியாகிய ஏடு அவர் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆகஸ்ற் 9

1896 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வெயில் எறிக்கும் நேரம். ஸ்ற்றோல்ன் கிராமத்துக் கொல்லன்பேர்க் குன்றிலிருந்து லிலியெந்தால் புறப்பட்டார். அவருடைய பணியாளர் பைலிஷ் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதற் பறப்பு நன்கு முடிந்தது. பின்னொன்றிலே கருவி காற்றில் திடீரென முகம் நிமிர்ந்து அசையாது நின்றது. உடலை முன்னே வீசி அதனைத் தாழ்த்த முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. பதினைந்து மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்தார். கழுத்தென்பு முறிந்தது. மறுநாள் பேர்லின் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தெட்டு.

கருவி உடைந்ததனால் வந்த சாவன்று அது. 2016 இல் ஜேர்மன் ஆய்வாளர் அக்கருவியின் பிரதியொன்றை ஆக்கிக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துப் பரீட்சித்தபோது, அது நிலைபெற்றுப் பறக்க வல்லதே எனக் கண்டனர். வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து எழுந்த காற்றொன்று கருவியை நிமிர்த்தியிருக்கலாம் என்பது விபத்தை ஆராய்ந்தோர் பலரின் கருத்து. அவ்வாறாயின், நாரையைத் தூக்கி ஆபிரிக்காவுக்கு அனுப்பும் அதே எழுகாற்றுத்தான், நாரையின் மாணாக்கரைக் கவிழ்த்தது. அது ஆகஸ்ற் மாதம் என்பதை நினைக்கும்போது என் மனம் கலங்குகின்றது. அந்நாட்டு நாரைகள் தெற்கே புறப்படக் கூடுகின்ற மாதம் அது.

விட்டுச்சென்றது

அச்சாவுச் செய்தி அமெரிக்காவிலே றைற் சகோதரரின் காதில் விழுந்தது. பறத்தலைப்பற்றி அவர்கள் முனைந்து சிந்திக்கத் தொடங்கியது அதன் பின்னரே. லிலியெந்தாலின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு சிறகு செய்தனர். எதிர்பார்த்த பாரத்தைச் சிறகு தாங்கவில்லை. ஆதலால் 1901 இல் தாமே காற்றுச்சுரங்கம் ஒன்றைச் செய்து, சிறு சிறகுகள் பலவற்றை அளந்தனர். லிலியெந்தாலின் எண்கள் அவர் அளந்த சிறகளவில் பெரும்பாலும் சரி என்பதும், அவருக்கு முன்னிருந்தே எல்லோரும் கையாண்டுவந்த பழைய காற்றழுத்த எண்ணொன்றே பெரிதும் பிழை என்பதும் தெரியவந்தன. அகலத்தினும் நீளம் மிக்க ஒடுங்கிய சிறகே நன்று என்றும் கண்டனர். 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆந் திகதி அவர்களின் எஞ்சின் பூட்டிய விமானம் எழுந்தது.

லிலியெந்தாலை மனிதர் வானேறிய வரலாற்றில் முதற் படி என்று பலரும் போற்றுவர். அப்போற்றுதல் தகும். ஆயினும் ஆசிரியத் தொழில் செய்யும் நான் அவரிடம் கண்டு வணங்குவது வேறொன்று. அவர் தாம் அறிந்ததை இரகசியமாக வைத்துக் காசாக்கவில்லை. இத்தனை வளைவுக்கு இத்தனை பாரம், இத்தனை சாய்வுக்கு இத்தனை தடை என்று எண் எண்ணாக எழுதி, யாரும் எடுத்துச் சரிபார்க்கும்படி உலகின் முன் வைத்தார். பின்வந்தோர் சரிபார்த்தனர், திருத்தினர், மேலே சென்றனர். பாடங் கேட்ட மாணாக்கர் தம் குறிப்பேட்டை அடுத்த மாணாக்கருக்குக் கொடுத்துச் சென்றார் என்பதே அதன் பொருள்.

நாரையின் சிறகு இன்னும் அகன்றதாகவே இருக்கின்றது. நுனியிறகுகள் விரல்போலப் பிரிந்தே நிற்கின்றன. மாணவர்கள் வானில் வட்டமிடும் பெரும்பறவை எதனைக் கண்டாலும் சற்று நின்று, அதன் சிறகு எவ்வாறு அமைந்தது, அது எவ்வழியே செல்லும், இரண்டிற்கும் என்ன இயைபு என்று ஆராய்தல் வேண்டும். அந்த ஆராய்ச்சியிலேதான் ஒரு மனிதர் தம் வாழ்வைச் செலவிட்டார். ஐந்து மணி நேரம் அவர் பறந்தார். அதற்காக நாற்பது ஆண்டு நிலத்திலே நின்று அண்ணாந்து பார்த்திருந்தார்.